டாலரை அழுத்தினால் யார் வருவார்?

அன்பும் அதட்டலும் குறைவில்லாத என் அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நான் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், சுகமில்லை என்று எழுதினால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாய். ஆகையால் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். அத்தானின் முழங்கால் வலியை நான் விசாரித்ததாகச் சொல். போனில் சொல்லாமல் இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ தீர்ப்பே சொல்லி முடித்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச உனக்கு வழியில்லை. அதற்காகவே, என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படி.

நான் லிஃப்டில் மாட்டிக்கொண்டதாகவும், மருமகள் செய்த நகையால் என் உயிருக்கே ஆபத்து வந்ததாகவும் என் மகன் உனக்குப் போன் செய்திருக்கிறான். அவன் வெளியூர் வேலையில் இருந்துகொண்டு பாதியைக் கேட்டு மீதியைத் தானே சேர்த்துக்கொள்கிறவன், அவன் பேச்சைத் தண்ணீர் கலந்த பால் என்று எடுத்துக்கொள். நீயும் "மூட்டையைக் கட்டு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று செய்தி அனுப்பிவிட்டாய். அக்கா, நமக்குள் பேசி வைத்தது என்ன? மருமகளின் நகைக்கு அந்தப் பெரிய கடைக்காரம்மா ஆர்டர் கொடுத்தால் நான் இங்கேயே இருக்கலாம். கொடுக்காவிட்டால் மருமகள் முன்னறையில் போட்ட மேஜையைப் பிரித்துவிட்டுப் பழையபடி ஆபீஸுக்குப் போவாள், பகலெல்லாம் நான் போய்ச்சேர்ந்த என் வீட்டுக்காரர் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அப்போது மறுபேச்சுப் பேசாமல் உன் வீட்டுப் பின்னறைக்கு வந்துவிட வேண்டும். இதுதானே பேச்சு? அந்தப் பேச்சு என்ன ஆனது என்பதை முழுசாகச் சொல்கிறேன். அதுவரை நீ பையை எடுக்காதே.

நகை என்றால் என்ன நகை என்று நீ இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. கடையில் ஸ்மார்ட் வாட்ச் என்று விற்கிற மெஷின் கடிகாரமெல்லாம் ஆம்பளைங்க கைக்கு அளவெடுத்த கறுப்பு ரப்பர் பட்டை என்பது மருமகளின் ஆத்திரம். "பொம்பளைங்களுக்குன்னு கேட்டா அதையே ரோஸ் கலர்ல குடுக்கறாங்க அத்தை. எனக்கு மெஷினும் பிடிக்கும், அழகா போட்டுக்கவும் பிடிக்கும். ரெண்டுல ஒண்ணை விடுன்னு சொல்றதுக்கு இவங்க யாரு?" என்பாள். அவளுக்குப் புது மெஷின் என்றால் உயிர். பேட்டரியைப் பார்த்தால் அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வருமே, என் மகனைப் பார்த்தால்கூட அப்படி வராது. அவளே வரைந்து, அவளே பற்றவைத்து, வளையல், மோதிரம், தோடு, சங்கிலி டாலர் என்று நாலும் செய்தாள். பார்த்தால் நகை, உள்ளே பேட்டரி. மணி கோப்பது, முடிச்சுப் போடுவது, மெருகுத் துணியால் துடைப்பது என் வேலை. போட்டுப் பார்ப்பதும் என் வேலைதான். அங்கேதான் வந்தது வினை.

வளையல் நடக்கிற அடியை எண்ணும், நாடியையும் பார்க்கும். நான் உட்கார்ந்து காய் நறுக்கினேன். கத்தி மேலும் கீழும் போகப் போக அது நான் எங்கேயோ மலையேறுகிறேன் என்று எண்ணிக்கொண்டு, "அருமை, தொடர்ந்து நடங்கள்" என்று பச்சை விளக்கைக் காட்டி வாழ்த்தியது. மோதிரம் யாராவது போன் செய்தால் விரலில் கிறுகிறுவென்று ஆடும். பாத்திரம் கழுவும்போது ஆடியது, பூச்சி கடித்துவிட்டது என்று உதறினேன், அது தொட்டியின் ஓட்டை வழியாகப் போய்விட்டது. போன் செய்தது நீதான். தோடு இன்னும் மோசம். நமக்கு வருகிற செய்தியை அது காதுக்குள் படித்துச் சொல்லும். காது உறுத்துகிறதென்று கழற்றி மேஜையில் வைத்திருந்தேன். அப்போது நீ அனுப்பிய செய்தியை, "அந்தப் பெண் உன்னைச் சோதனை எலியாக வைத்திருக்கிறாள், உடனே கிளம்பி வா" என்று, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு குரல் வீடு முழுக்கக் கேட்கும்படி வாசித்தது. மருமகள் பற்றவைக்கிற கோலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. அன்று முழுக்க அவள் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலையில் என் முன்னால் டம்ளரை வைத்து, "எலி டீ குடிக்குமா?" என்று கேட்டாள். அதன்பிறகு இன்றுவரை எனக்கு அதுதான் பெயர். உன் புண்ணியம்.

டாலரைப் பற்றித்தான் தனியாகச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரியும், அவர் எப்படிப் போனார் என்று. மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறையில் ஒண்டியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. போன் சட்டைப் பையில் இருந்தது, சட்டை ஆணியில் தொங்கியது, ஆணி எதிர்ச்சுவரில் இருந்தது. எந்த லிஃப்டில் யார் மாட்டிக்கொண்டாலும் ஓடிப்போய் உதவின மனுஷனுக்கு ஒரு குரல் கொடுக்க வழியில்லாமல் போய்விட்டது. அதை மருமகளால் தாங்க முடியவில்லை. "மாமா உடம்புல ஒண்ணு இருந்திருந்தா, ஒரே ஒரு அழுத்து அழுத்தியிருந்தா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நான், "உங்க மாமா நெக்லஸ் போட்டுக்கிட்டா வேலைக்குப் போவாரு?" என்றேன். எப்படி அந்த நேரத்தில் என் வாயில் அது வந்ததோ. இருவரும் சிரித்துவிட்டோம், சிரித்ததற்காக இன்னும் கொஞ்சம் அழுதோம். அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் டாலர். நடுவில் உள்ளதை அழுத்திப் பிடித்தால், நம் போன் வழியாக, நாம் சொல்லி வைத்திருக்கிற ஆளின் போனில் அபாயச் சங்கு ஊதும். எல்லாம் சரி, நடுவில் எதைப் பதித்தாள் தெரியுமா? அவர் கருவிப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்த பழைய பித்தளை லிஃப்ட் பட்டன். மேலே போகிற அம்புக்குறி போட்டது. என்னைக் கேட்கவில்லை. "யாரைக் கேட்டு அவர் பெட்டியைத் திறந்தே?" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் மூடிக்கொண்டது. அவள் அதை என் கழுத்தில் போட்டுவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். சுற்றிலும் மெல்லிசாக முறுக்குக் கம்பி, நடுவில் தேய்ந்த பித்தளை, அவர் விரல் பட்டுப் பட்டு மழுங்கின அம்பு. அக்கா, கல்யாணத்துக்குக்கூட நமக்கு இவ்வளவு லட்சணமாக ஒன்று வாய்த்ததில்லை. அப்புறம் எங்கே கழற்றுவது.

அவள் என் போனை என்னிடம் கொடுத்து, "அத்தை, ஆபத்துன்னா யார் வரணுமோ அவங்க நம்பரை இதுல போடுங்க" என்றாள். போட்டேன். அதை நீ ஞாபகம் வைத்துக்கொள். மேலே போவோம்.

கடைக்காரம்மா நேரம் கொடுத்த நாள் வந்தது. இந்த ஊரில் பாதிக் கடை அவருடையது, இந்த மாதிரி நகைக்காரர்கள் இன்னும் சிலரையும் வரச்சொல்லியிருக்கிறார், ஒருத்தரைத்தான் எடுப்பார் என்று கேள்வி. மருமகள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டாலரை வயதான ஒருத்தர் போட்டுக் காட்டினால்தான் அழகு என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். உண்மையில் துணைக்கும் பெட்டியைப் பிடிக்கவும் அவளுக்கு ஆள் வேண்டும். நான் என் கைப்பையில் என் போனையும் எடுத்துக்கொண்டேன், என் வீட்டுக்காரர் போனையும் எடுத்துக்கொண்டேன். முறைக்காதே. அந்த நம்பரை மூடிவிடு என்று நீயும் சொன்னாய், மகனும் சொன்னான். எப்படி மூடுவது? ஊரில் இருக்கிற லிஃப்டில் பாதிக்கு மேல் அவர் நம்பர்தான் ஒட்டியிருக்கிறது. இன்னும் யாராவது மாட்டிக்கொண்டு கூப்பிடுகிறார்கள். எடுத்து, அவர் இல்லை, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்று அவர் உதவியாளின் நம்பரைக் கொடுப்பேன். தினமும் சார்ஜ் போட்டு வைத்துக்கொள்வேன். அது அடிக்கும்போதெல்லாம் அவருக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று தோன்றும்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நாங்கள் நுழையும்போதே கடைக்காரம்மாவும் எதிரே வந்துவிட்டார். உயரமான ஆள், வெடுக்கென்ற நடை. "நீங்கதானா? எனக்கு மேல போன உடனே இன்னொரு வேலை இருக்கு. லிஃப்ட்ல போய்க்கிட்டே காட்டிடுங்க, மேல சேர்றதுக்குள்ள சொல்லி முடிங்க" என்றார். நானும் மருமகளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். ராத்திரி பகலாகச் செய்த வேலைக்கு லிஃப்ட் மேலே போகிற நேரம்தான் கிடைத்தது. உள்ளே போனோம், கதவு மூடியது. மருமகள் அவசர அவசரமாக வளையலை எடுத்து அவர் கையில் மாட்டி, "நாடி நிதானமா இருந்தா பச்சை மேடம், கொஞ்சம் கூடினா நீலம், ரொம்ப அதிகமானா சிவப்பு. வெளியில பார்த்தா சும்மா கல்லு வச்ச மாதிரிதான்" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். கல் பச்சையாக மின்னியது. அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிடித்த நகையை எந்தப் பெண்ணும் ஒருதரம் பார்த்துவிட்டு விடுவதில்லை. அந்த நேரம் பார்த்து லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி, தடக்கென்று நின்றது. விசிறி நின்றது. விளக்கில் பாதி போனது.

கடைக்காரம்மா, "பரவாயில்லை, இப்ப சரியாகிடும்" என்றார். முகம் கல் மாதிரி. ஆனால் கையில் வளையல் நீலமாக மாறிக்கொண்டிருந்தது. மருமகள் மணி பட்டனை அழுத்தினாள். கீழே எங்கேயோ கிணற்றுக்குள் அடிக்கிற மாதிரி மணி கேட்டது. எதுவும் நடக்கவில்லை. அவர் கதவிடுக்கில் விரலை விட்டுத் தள்ளப் போனார். "கதவைத் தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் மருமகளே துள்ளிவிட்டாள். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். சாப்பிடும்போதெல்லாம் போனில் என் வீட்டுக்காரர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருப்பாரே, அந்தக் குரல். கடைக்காரம்மா கையை எடுத்துக்கொண்டார். "எனக்குப் பயமெல்லாம் இல்லை" என்றார். வளையல் சிவந்துவிட்டது. அந்தச் சின்ன இடத்தில், பாதி இருட்டில், அடுப்புக் கங்கு மாதிரி அந்தக் கை மட்டும் தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார், நாங்கள் பார்ப்பதையும் பார்த்தார், கையை முந்தானைக்குள் மறைத்தார். முந்தானை வழியாகவும் சிவப்புத் தெரிந்தது. மருமகள் விளக்கு நன்றாகத் தெரிய வேண்டுமென்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள், பாவி.

"அந்த டாலர் எதுக்கு?" என்று அவர் திடீரென்று கேட்டார்.

"ஆபத்துக்கு மேடம். அழுத்தினா உடனே ஆள் வரும்."

"இதைவிட ஆபத்து வேற வேணுமா? அழுத்தச் சொல்லுங்க."

மருமகளின் முகத்தில் பயத்தையும் மீறி ஒரு பெருமை. தெய்வமே லிஃப்டை நிறுத்தி நகையைக் காட்டச் சொன்ன மாதிரி நிமிர்ந்தாள். "அழுத்துங்க அத்தை." கதவோரம் நின்றால் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும் என்று என் வீட்டுக்காரர் சொன்னது ஞாபகம் வந்து, கதவோரம் போய் நின்று, பித்தளைப் பட்டனை அழுத்திப் பிடித்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். ஊ ஊ என்று அபாயச் சங்கு ஊதியது அக்கா, என் கைப்பைக்குள்ளிருந்தே.

அந்தச் சங்கு அந்தப் பெட்டிக்குள் எப்படிக் கேட்டது என்று நீ இருந்து கேட்டிருக்க வேண்டும். கடைக்காரம்மா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். "யார் போன் அது? யார் போன்?" என்றார். பையைத் திறந்து என் வீட்டுக்காரர் போனை எடுத்தேன். திரையில் "வீடு. ஆபத்து" என்று எழுதிக் காட்டியது. என் நம்பரை அவர் வீடு என்று போட்டு வைத்திருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அந்த ஒரு சொல்லை விரலால் தடவிப் பார்த்தேன்.

"அத்தை" என்றாள் மருமகள். "மாமா நம்பரையா போட்டீங்க?"

"ஆபத்துன்னா யார் வரணும்னு நீதானே கேட்டே?"

அவள் பெட்டியை மார்போடு கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஆர்டர் போனது, மேஜை போனது, என் பகலெல்லாம் போனது என்று எனக்குத் தோன்றிவிட்டது, உன் பின்னறையின் ஜன்னல் எந்தப் பக்கம் என்றுகூட யோசித்துவிட்டேன். கடைக்காரம்மா, "ஏம்மா, அவர் இப்ப வருவாரா மாட்டாரா?" என்று அதட்டினார். "வரமாட்டார்" என்றேன். அப்போது கையிலிருந்த போன் மறுபடியும் அடித்தது. இந்த முறை சங்கு இல்லை, சாதாரண மணிதான். யாரோ கூப்பிடுகிறார்கள். எடுத்தேன்.

"அண்ணே, நான் கட்டடத்துக் காவலாளி பேசறேன். லிஃப்ட் நின்னுபோச்சு. உள்ளே ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க. மணி அடிக்கறாங்க. சீக்கிரம் வாங்க!"

கதவுக்கு மேலே பார்த்தேன். மங்கின விளக்கில் ஸ்டிக்கர் தெரிந்தது. அவர் நம்பர்தான். "தம்பி, நான் அவர் சம்சாரம். அவர் இறந்துட்டார்பா" என்றேன்.

"ஐயையோ அம்மா, எனக்குத் தெரியாதே. மன்னிச்சுக்கங்க, நல்ல மனுஷன்." அப்புறம் மெதுவாக, "அம்மா, கேக்கறதுக்குச் சங்கடமா இருக்கு. ஆனா இங்க மூணு பேர் உள்ளே இருக்காங்க. என்னம்மா செய்யறது?"

"எனக்குத் தெரியும்பா. அதுல ஒருத்தி நான்தான்."

மருமகள் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, வாயை மட்டும் பொத்திக்கொண்டாள். நான் அவர் போனிலிருந்தே அவர் உதவியாளைக் கூப்பிட்டேன். தலை நரைத்தும் எல்லோரும் ஸ்பானர் என்று கூப்பிடுகிற ஆள்தான், உனக்குத் தெரியும். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கடைக்காரம்மாவின் மூச்சு எனக்குக் கேட்டது. மறுபடியும். கடைசியில் எடுத்தான். ஈனக் குரலில், "அண்ணே... நான் ஒரு தப்பும் பண்ணலையே" என்றான்.

"டேய், நான் உன் அண்ணிடா."

"அண்ணி! உசுரே போச்சு அண்ணி! அண்ணன் பேரு போன்ல வருது, நான் கையெடுத்துக் கும்பிட்டுட்டு உக்காந்திருக்கேன்!"

"அப்புறம் கும்பிடலாம். நாங்க லிஃப்டுக்குள்ள இருக்கோம்." இடத்தைச் சொன்னேன். "கதவைத் தள்ளாதீங்க அண்ணி, வந்துட்டே இருக்கேன்" என்றான். அவர் சொல்கிற அதே சொல்.

அவன் வரும்வரைக்கும்தான் பெரும்பாடு. மூன்று பேர் மூச்சில் அந்தப் பெட்டி புழுங்கியது. கடைக்காரம்மா நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். விலை உயர்ந்த உடுப்பு, பார்க்கவில்லை. வளையல் சிவப்பு. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வார்? வண்டியை மிதித்துக்கொண்டே போனில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டு போவார். எப்போதும் ஒரே கேள்விதான். எனக்கு அது எரிச்சலாக இருக்கும், ஊர்ப் பெண்களிடமெல்லாம் இதைக் கேட்கிறாரே என்று. அன்று எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

"இன்னைக்கு உங்க வீட்ல என்ன சமையல்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "தெரியாது. சமையல்காரம்மா செய்யறாங்க."

"நேத்து?"

"நேத்தும் தெரியாது. சாப்பிடும்போது போன் பார்த்துக்கிட்டிருப்பேன்." கொஞ்சம் பொறுத்து, "கத்திரிக்காயா இருக்கலாம்" என்றார்.

"இருக்கலாம்னா? கத்திரிக்காய்கூடவா தெரியாம உள்ளே போகும்?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். எனக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் எப்படிப் போனார் என்று கடைக்காரம்மா கேட்டார், சொன்னேன், சட்டை, ஆணி, எல்லாம். டாலரில் இருக்கிற பட்டன் யாருடையது என்றும் சொன்னேன். அவர் எழுந்திருக்காமலே லிஃப்டின் பட்டன்களைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார். "அத்தை" என்று மருமகள் மெதுவாகக் கூப்பிட்டு, கண்ணால் காட்டினாள். வளையல் நீலமாகியிருந்தது. ஸ்பானர் மேலே மோட்டார் அறையில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டபோது அது பச்சை. அவன் சக்கரத்தைக் கையால் சுற்றி எங்களை இறக்கிக் கதவைத் திறந்தான். எங்களைப் பார்த்ததும், "எல்லாம் நல்லா இருக்கீங்களா?" என்றுகூடக் கேட்கவில்லை, என் கையிலிருந்த அவன் அண்ணன் போனைத்தான் பார்த்தான். அப்புறம் ஸ்டிக்கரைப் பார்த்தான். "அண்ணி, அண்ணன் நம்பர் மேல அப்படியே இருக்கட்டும். கீழே என் நம்பரை எழுதிடறேன். அவர் எடுக்கலைன்னா எனக்கு வரட்டும்" என்றான். அதற்குள் கடைக்காரம்மா மாடிப்படியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். வளையலோடு.

அதற்கப்புறம் வந்த நாட்கள் இருக்கின்றனவே, லிஃப்டே தேவலை. பதில் இல்லை. மருமகள் என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. வளையல் உள்ளே இருக்கிற சின்ன சிம் வழியாக இன்னும் அவள் போனோடு சேர்ந்திருந்ததால், கடைக்காரம்மாவின் நாடி மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. "இப்ப தூங்கறாங்க... இப்ப யாரையோ திட்டறாங்க போல... அத்தை, இப்ப நீலம், நம்மளைப் பத்திப் பேசறாங்களோ?" என்று அவள் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் நெஞ்சு அடிப்பது தெரியும், நெஞ்சில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நான், "அடுத்தவங்க நெஞ்சை எட்டிப் பார்க்காதே, அணைச்சு வை" என்று அதட்டி அணைக்கவைத்தேன். அணைத்த பிறகு எனக்கே இருப்புக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

நேற்று ஆள் வந்தது. வளையல் திரும்பி வந்தது. முடிந்தது கதை என்று மருமகள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டிக்குள் ஒரு சீட்டு: "விளக்கு வெளியே தெரியக் கூடாது. தோல் பக்கமாகத் திருப்பி வையுங்கள். என் பயம் எனக்குத் தெரிந்தால் போதும், ஊருக்குத் தெரிய வேண்டாம். அப்படிச் செய்தால் எல்லாக் கடைக்கும் எடுத்துக்கொள்கிறேன். டாலரும் வேண்டும். ஆனால் முதல் ஆள் வராவிட்டால் இரண்டாவது ஆளுக்குப் போக வேண்டும், உங்கள் மெக்கானிக் எழுதின மாதிரி." ஸ்பானர் சொன்னதைப் படியேறிக்கொண்டே கேட்டிருக்கிறார். அடியில் சின்னதாக, "நேற்று எங்கள் வீட்டில் கத்திரிக்காய்தான்" என்று எழுதியிருந்தார்.

மருமகள் என்னைத் தூக்காத குறை. உடனே உட்கார்ந்து என் டாலருக்கே முதலில் இரண்டாவது ஆளைச் சேர்த்தாள். முதல் நம்பரை மாற்றட்டுமா என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது அவர்தான், இருக்கட்டும். அவர் போனைச் சத்தம் வராமல் மட்டும் செய்துவிட்டாள், அந்தச் சங்கைக் கேட்டால் அவளுக்கு இன்னும் உடம்பு நடுங்குகிறதாம். இரண்டாவது உன் நம்பர். பயப்படாதே, உன் போன் அடிக்கிற சந்தர்ப்பமே வராது. நான் தைரியமாக இருக்கிறேன். அழுவதெல்லாம் நின்றுவிட்டது. வேலை நிறைய இருக்கிறது, பகல் போவதே தெரியவில்லை. ஆகவே நமக்குள் பேசின பேச்சுப்படி நான் இங்கேயே இருக்கிறேன், நீ வர வேண்டாம், பின்னறையில் அத்தான் தன் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொள்ளட்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. மூத்தவள் நீ, தள்ளி இருந்தே என்னை வாழ்த்து. மருமகள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். எலியும்.

இப்படிக்கு,
உன் தங்கை

பின்குறிப்பு: மடித்து உறையில் போடும் நேரத்தில் மருமகள் உள்ளேயிருந்து ஓடி வந்து, "அத்தை, பெரியத்தைக்கு ஏன் இத்தனை தடவை அபாயச் செய்தி போயிருக்கு?" என்றாள். பார்த்தால் என் இடது கை கழுத்தில் இருக்கிறது. எழுதும்போது வார்த்தை வராத இடத்திலெல்லாம் டாலரைப் பிடித்துக்கொண்டு யோசித்திருக்கிறேன் போல. அவர் போன் சத்தமில்லாமல் கிடந்திருக்கிறது, அவர் எடுக்கவில்லை, உனக்கு வந்திருக்கிறது. உன்னைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அத்தான்தான் எடுத்தார், நீ போனை மறந்து வைத்துவிட்டு, பையோடு பஸ் ஏறிவிட்டாயாம். வர வேண்டாம் என்று மேலே எழுதியதையெல்லாம் அடிக்கலாமென்று பேனாவை எடுத்தேன், அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும், விட்டுவிட்டேன். அழுகை நின்றுவிட்டது என்று எழுதியதும் அப்படியே இருக்கட்டும். இதை இனித் தபாலில் போட்டு என்ன பயன்? நீ வந்ததும் உன் கையிலேயே தருகிறேன், படிக்கும்போதாவது குறுக்கே பேசாதே. கதவைச் சாத்தவில்லை, தள்ளிக்கொண்டு வா. அத்தான் நீ கிளம்பிவிட்டாய் என்று சொன்ன பிறகும் டாலரை ஒருதரம் அழுத்தினேன் அக்கா. அது மட்டும் தெரிந்தே அழுத்தியது.